பதினேழு மில்லிமீட்டர்

முன் இடது, பின் வலது.
இந்த ரெண்டை மட்டும் வெட்டு என்றாள் ஹால்வெய்க்.
மற்ற ரெண்டும்
கம்பெனி வார்த்தபடியே இருக்கட்டுமாம்.
"உன் பேச்சை நம்பவும் மாட்டேன் இங்வார்,
தள்ளவும் மாட்டேன்.
ஓட்டிப் பார்க்கிறேன்."

நவம்பர். மூன்றரை மணிக்கே இருட்டு.
கத்தி சிவக்கக் காத்திருந்து
முதல் கட்டையின் குறுக்கே இறக்கினேன்.
ரப்பர் முதலில் முரண்டு பிடிக்கும்,
பிறகு வெண்ணெயாய் வழிவிடும்.
கருப்பு மண்புழுக்களாய்ச் சுருண்டு விழுந்தன துண்டுகள்.
அடியில் நான்கு மில்லிமீட்டர் விட்டுவைத்தேன்.
ஆசைப்பட்டு அதையும் தோண்டினால்
கட்டை வேரோடு வரும்,
அதற்கும் கீழே போனால் கம்பி சிரிக்கும்.

கட்டை உயரம் பதினேழு, நான்கிலும்.
சாக்பீஸால் சுவரில் எழுதினேன்.

அவள் கால்நடை மருத்துவர்.
வீக் ஊரிலிருந்து பனியாறு ஆரம்பிக்கும் இடம்வரை
எந்த மாடு முனகினாலும்
அவள் ஜீப்தான் போகவேண்டும்.

டிசம்பர் பனிக்கட்டியில்
வெட்டுப்பட்ட கட்டைகள் விரல்களாய் விரிந்து
ஒவ்வொரு விளிம்பாலும் கவ்வின.
வெட்டாதவை வழுக்கின.
"வண்டிக்கு ரெண்டு மனசு,"
போனில் கத்தினாள்,
"பிரேக் போட்டால்
ஒன்று நிற்கிறது, ஒன்று கிளம்புகிறது!"
மீதியையும் வெட்டித் தரட்டுமா என்றேன்.
வைத்துவிட்டாள்.

ஜனவரி ஒன்பதாம் தேதி இரவு, மழை.
ஸ்னைப்யோர்ன் பண்ணையில்
கன்று குறுக்கே கிடந்தது.
ஏற்றத்தில் கருங்கல் பாறை,
அதன்மேல் கண்ணாடியாய்த் தண்ணீர்.
இரண்டு முறை சறுக்கி இறங்கினாள்.
மூன்றாம் முறை டயர்க் காற்றைப் பாதி இறக்கிவிட்டு
மெல்ல, மிக மெல்ல.
நான் கீறிய வழியே தண்ணீர் ஓடியிருக்கும்,
ரப்பர் கல்லைத் தொட்டிருக்கும்.
ஏறிவிட்டாள்.
கன்று முன்பே செத்திருந்தது.
பசு பிழைத்தது.

இதையெல்லாம் அவளாகச் சொல்லவில்லை.
ஸ்னைப்யோர்ன் சொன்னான்,
டிராக்டர் டியூபுக்கு ஒட்டுப்போட வந்தபோது.

மார்ச்சில் மேட்டுநிலச் சாலை திரும்பியது.
எரிமலை துப்பிய சரளை,
ஒவ்வொரு கல்லும் உடைந்த பாட்டில்.
என் வெட்டுகளுக்குள் கல் நுழைந்தது,
நெம்பியது, பிய்த்தது.
தார்ச்சாலையில் எண்பதைத் தாண்டினால்
மெலிந்த கட்டைகள் ஆடி, சூடேறி,
வண்டிக்கு அடியில் யாரோ
வாய் மூடி அழுவதுபோல் ஒரு சத்தம்.
ரேடியோவைக் கூட்டிவைத்துக்கொண்டாளாம்.

மே மாதம் வந்தாள்.
அளவுகோலை நானே பிடித்தேன்,
அவள் குனிந்து படித்தாள்.
வெட்டாதவை பதின்மூன்று.
வெட்டியவை ஒன்பதரை.
பதினோரு கட்டைகளில் எலி கடித்த தோற்றம்.

சுவரில் எழுதினேன்.
எண்கள் என் பக்கம் இல்லை,
எழுதத்தான் வேண்டும்.

நெடுநேரம் பார்த்தாள்.
கையில் அயோடின் கறை,
காலணியில் காய்ந்த சாணம்.
"இந்த மூன்றரை எங்கே போச்சு?"
சரளையில் என்றேன்.
"எல்லாமுமா?"
கொஞ்சம் அந்தப் பாறையில் இருக்கும் என்றேன்.

கடை ஓரத்தில்
உருகிய பனி வாய்க்காலாய் ஓடிக்கொண்டிருந்தது,
போன குளிர்காலத்துத் துண்டுகளைச்
சாலை தாண்டித் தள்ளிக்கொண்டு.
அதைப் பெருக்கியிருக்க வேண்டும் நான்.

"மீதி ரெண்டையும் வெட்டு," என்றாள்.
"இவ்வளவு ஆழம் வேண்டாம்.
சரளைக்கு முன்னால் கழற்றி
வேறு மாட்டிக்கொள்கிறேன்."

மாட்டிக்கொள்ள மாட்டாள்.
போன் வந்தால்
எந்தக் காலில் எந்தச் செருப்பு என்று பார்க்கிறவள் இல்லை.
அது எனக்கும் தெரியும்,
நான் தலையாட்டியது அவளுக்கும் தெரியும்.

பிளக்கைச் செருகினேன்.
கத்தி இன்னும் கருப்பாகவே இருந்தது.