யாருடைய பெயர் முன்னால்

மாங்குளம் சந்தியில்
ஒட்டுசுட்டானுக்குத் திரும்புகிற இடத்தில் என் கராச்.
எட்டரைக்கு ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டு
நாலுபேர் ரீவி முன்னால் இருப்போம்:
நான், சுகிர்தன், டயர் ஒட்டுகிற மரியநேசன்,
மூன்று நாளாய்த் தன் ஸ்கூட்டியைக் கேட்டு வந்து
தொடர் முடிந்தபிறகே அதை நினைக்கிற
ஆசுப்பத்திரித் தாதி பவளராணி.

தொடரில் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பனி
பிறந்துகொண்டிருக்கிறது.
எங்கோ பனி கொட்டுகிற ஊர். ஒரு மரக்கொட்டில்.
இரண்டு பொடியன்கள், ஒரு கடைசல் இயந்திரம்.
வாய் ஒன்று அசைய, சென்னைத் தமிழ் வேறொன்று பேசும்.
"இந்த இன்ஜின் ஒருநாள் உலகத்தையே சுத்தப்போவுது பாரு!"
நகத்தைப் பாருங்கோ அண்ணை, என்றான் சுகிர்தன்.
ஒரு துளி கிறீஸ் இல்லை.

மூன்று பாகமாய் அது ஸ்டார்ட் ஆகவில்லை.
வயலின் அழுதது. தாய்க்காரி அழுதாள்.
மரியநேசனுக்குப் பொறுக்கவில்லை:
பிளக்கைக் கழட்டித் துடையடா, மடையா!
நேற்றுத்தான் பிடித்தது.
ஒற்றைச் சிலிண்டரைக் காட்டி
நாலு சிலிண்டரின் சத்தம் போட்டார்கள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பவளராணி கைதட்டிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றேழில் எனக்கு இருபத்திரண்டு.
மல்லாவியில் எங்களுக்கும் ஒரு கொட்டில், ஓலையால்.
பெற்றோலைப் பவுண் மாதிரி அளந்த காலம்.
சேலைன் குழாய், இருமல் மருந்துப் போத்தல்,
காபரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல்,
பிடித்த கையோடு மண்ணெண்ணெய்க்குத் திருப்பு.
வெள்ளைப் புகை, குப்பிவிளக்கு மணம்.
அந்தப் புகையில்தான்
பிள்ளைபெறப் போனார்கள், செத்தவீட்டுக்குப் போனார்கள்,
பொம்பிளை பார்க்கப் போய்
மாப்பிள்ளை தும்மித் திரும்பியதும் உண்டு.
யார் முதலில் கண்டுபிடித்தது?
துணுக்காயில் ஒருவன், முழங்காவிலில் ஒருவன்,
ஒவ்வொரு சந்தியிலும் ஒருவன்
அதையே முதன்முதலாய்க் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான்.

அமலதாஸ் அதோடு நிற்கவில்லை.
தண்ணிப்பம்பு இயந்திரத்தை
ஒரு பழைய சட்டத்தில் ஏற்றினான்.
ஓடியது. சத்தியமாய் ஓடியது,
பாண்டியன்குளம் வரைக்கும்.
டாங்கியில் வெள்ளைப் பெயின்றால் எழுதினான்:
அமல் - விநோ 1.
உன் பெயர் ஏன் முன்னால் என்று கேட்டேன்.
நாலு நாள் பேசவில்லை நாங்கள்.
இரண்டாவதில் உன்ரையை முன்னுக்குப் போடுறன் என்றான்.
இரண்டாவதுக்கு இரும்பும் சேர்த்தோம்.

மாத்தளன் மணலில் அது ஓடாது.
தள்ளிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.
பிறகு, துருப்பிடித்த சைக்கிள்கள்
மலையாய்க் கிடந்த இடத்தில்
ஒரு முழுப்பகல் டாங்கிகளாய்ப் புரட்டினேன்.
கிலோக் கணக்கில் நிறுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
வெள்ளைப் பெயின்ற் எரிந்தால்
என்ன நிறம் வரும் என்று
எனக்குத் தெரியாது.

இன்றைய பாகத்தில்
கம்பனிக்குப் பெயர் வைக்கிற சண்டை.
ஒருவன் மேசையைக் குத்துகிறான்.
மற்றவன் பனிக்குள் இறங்கி நடக்கிறான்.
விளம்பரம்:
அடையாள அட்டை போதும், இன்றே ஓட்டிச் செல்லுங்கள்.

ஷட்டருக்குக் கீழால் குனிந்து
லீசிங் பொடியன் வந்தான், கையில் ஒரு நம்பர்.
தவணை மூன்று கட்டாத வண்டி
சுவரோரம் நிற்கிறது.
அதன் இன்ஜின் பேப்பர் விரிப்பில்
நட்டு வேறு, போல்ட் வேறாய்க் கிடக்கிறது.
பின்னேரம் சுகிர்தன் கழற்றினான்.
அதில் ஒரு பழுதும் இல்லை.

பொடியன் பார்த்தான். சுகிர்தனைப் பார்த்தான்.
எப்ப பூட்டுவியள்?
சாமான் கொழும்பிலயிருந்து வரவேணும் தம்பி.
கொஞ்சநேரம் நின்றான்.
ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்து
டயர் ஒன்றின் மேல் குந்தினான்.
ரோட்டில நிண்டிட்டன் அக்கா,
கடைசியில யாற்ற பேர் வைச்சவங்கள்?

இன்னும் இல்லை, என்றாள் பவளராணி.
விளம்பரம் போகுது. பேசாமல் இரு.