கட்டின பல்

முத்துமாலை மருமகளுக்கு, என்று
நொத்தாரிசு வாசித்தபோது
ஸ்காபரோவிலிருந்து மச்சாள் சுகிர்தா
கைபேசித் திரைக்குள்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
வெள்ளவத்தை ஃபிளாட் அவளுக்கு.
தையல்மெசினும் மேசைவிசிறியும் கோயிலுக்கு.
எனக்கு,
பதினெட்டு வருசம்
'உப்புக் காணுமோ' என்பதற்கு மேல் பேசாத
மாமியின் கழுத்து.

அன்றிரவே செய்தி:
'ஒரிஜினலோ எண்டு பாருங்கோ அண்ணி.'

பல்லில் தேய்த்துப் பார் என்றார்கள் கந்தோரில்.
அசலென்றால் மணல்போல நறநறக்கும்,
போலியென்றால் வழுக்கும்.
குளியலறையைப் பூட்டிக்கொண்டு
நடுமுத்தை முன்பல்லில் வைத்து இழுத்தேன்.
வழுக்கியது.
பிறகுதான் ஞாபகம் வந்தது,
அது கட்டின பல்.
இரண்டில் எது வழுக்கியது
என்று யாரைக் கேட்பது?

பதின்மூன்று வயதில்
பம்பலப்பிட்டி ஸ்டேசன் படியில் உடைந்த பல்.
பெண்பார்க்க வந்த அன்று
கதிரை நுனியில்
இந்த மாலையோடு இருந்த மாமி
பலகாரத்தைத் தொடாமல் கேட்டா:
'பிள்ளைக்கு முன்பல் கட்டினதோ?'
அப்பா 'ஓம்' என்றார்,
கள்ளச் சாவியோடு பிடிபட்டவர் மாதிரி.

செட்டியார் தெருவில் ஜௌபர் நானா
மாலையை உள்ளங்கையில் குவித்தார்,
துளைகளைப் பூதக்கண்ணாடியால் எட்டிப் பார்த்தார்,
பிளேன்டீ வந்தது, குடித்தார்.
'பொன்னெண்டா உரசிச் சொல்லுவன் மிஸ்.
முத்து வயித்துக்குள்ள வெச்சிருக்கிறத
எக்ஸ்ரேக்குத்தான் சொல்லும்.'

கொள்ளுப்பிட்டியில் குளிரூட்டிய ஓர் அறை.
கலாவல்லி, பற்றுச்சீட்டில் கலாவள்ளி.
ஒன்பது நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

திரையில் ஐம்பத்திமூன்று வட்டங்கள்.
சிலவற்றுக்குள் மட்டும்
குறுக்கே அரிந்த வெங்காயம்போல
வளையத்துக்குள் வளையம்.
மற்றதெல்லாம் ஒரே வெள்ளை.
கண்ணாடி, மேலே மீன்செதிள் பூச்சு.
'பதினொண்டு மட்டும் கடல் முத்து'
என்றாள் திலுக்ஷி என்ற பெண்,
கொஞ்சம் தமிழில், மிச்சம் சிங்களத்தில்.
'எல்லாம் பின்பக்கம். கொளுக்கிக்குக் கிட்ட.'

பிடரியில்.
கொண்டை மறைக்கிற இடத்தில்.

முன்னால் இருந்ததுகளுக்கு என்ன நடந்தது?
அதற்கு இங்கே மிசின் இல்லை என்றாள்,
சிரிக்காமல்.

இவருடைய சீமாச் சோதனைக் கட்டணமாக இருக்கலாம்.
சுகிர்தாவைக் கனடாவுக்கு ஏற்ற
ஏஜென்சிக்காரன் கேட்ட மூன்றாம் தவணை.
மாமாவின் சிறுநீரகம்.
எனக்குத் தெரியாது.
பெரியது ஒன்று போக
அதே அளவில் கண்ணாடி ஒன்று வந்து குந்தியிருக்கும்.
எண்ணினால் எப்போதும் ஐம்பத்திமூன்று.

அல்பத்தைத் தேடி எடுத்தேன்.
பெண்பார்த்த அன்றைய படம்.
மாமியும் நானும் பக்கத்தில் பக்கத்தில்,
இடையில் யாரோ ஒரு குழந்தையின் பாதித் தலை.
படத்தில் என் பல் அசல்.
அவவின் மாலையும் அசல்.

நானா சொன்னார், பதினொன்றைக் கழற்றினால்
வடிவான ஒரு சோடித் தோடு வரும்,
கண்ணாடியை எறியலாம்.
நூலை மட்டும் மாற்றுங்கோ என்றேன்.
வரிசை குழம்பக்கூடாது.
அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்,
கூலி இருநூறு கூடச் சொன்னார்.

நூறாம் நம்பர் பஸ். நெரிசல்.
கொண்டை போடாமல்
முடியை முன்னால் இழுத்துவிட்டிருக்கிறேன்.
பின்னால் தொங்கிக்கொண்டு நிற்கும் மனிதருக்கு
மட்டும் தெரியக்கூடும்,
அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மச்சாள் நாலாம் தரம் கேட்டிருக்கிறாள்.
'ஓம்' என்று எழுதினேன்.
அப்பாவின் அதே ஓம்.
அனுப்பவில்லை இன்னும்.