பொத்தான்

புந்தா அரேனாஸ் மருத்துவமனை, மூன்றாம் தளம்.
துவைத்த போர்வைகள் அடுக்கிய அறையில்
விடியுமுன் இருபது நிமிடம் உட்காருவேன்,
பேஜர் மடியில்.
ஜன்னல் கிடையாது. ஆனாலும் காற்று கேட்கும்;
காற்று கேட்காத அறையை இந்த ஊரில்
இன்னும் யாரும் கட்டவில்லை.

ஏழு வருடம் உடம்பைப் படித்தேன், அப்புறம் மனசை.
இரண்டுக்கும் நடுவே உட்காரக் கற்றது
இந்தப் போர்வைகளுக்கு மத்தியில்தான்.
செவிலியர்கள் என்னைக் கன்னியாஸ்திரி என்பார்கள்,
முதுகுக்குப் பின்னால், பாசமாக.
துறைத்தலைவர் யெர்கோவுக்கு எண் வேண்டும்:
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு அமைதி?
முன்பு எவ்வளவு, எட்டு வாரம் கழித்து எவ்வளவு?
நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.
எண்கள் ஏறின.

நவம்பரில் ருபென் மான்சியா வந்தார்,
நண்டுப் படகுக்காரர்.
படகு கவிழ்ந்ததில் தம்பி கரை சேரவில்லை.
தூக்கம் இல்லை. மாத்திரை தொடமாட்டார்.
ஏனென்றால் தோளைக் குலுக்குவார்.
ஆயிரம் பேரிடம் சொன்ன அதே குரலில் சொன்னேன்:
கண்ணை மூடுங்கள்.
மூச்சு உள்ளே வருவதைக் கவனியுங்கள்.

கவனித்தார்.
உள்ளே தண்ணீர் வந்தது.
நாற்காலி சரிய, மேசை விளிம்பில்
நகங்கள் வெளுத்தன.

பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்காமல்
ஊசி போடுவேனா?
இதைப் போட்டுவிட்டேன்.

திறங்கள், என்றேன். கண்ணைத் திறங்கள், இங்கே பாருங்கள்.
என் கோட்டுப் பொத்தான் என்ன நிறம்?

வெகு நேரம்.

நீலம், என்றார்.
ஒன்று அறுந்திருக்கிறது.

குனிந்து பார்த்தேன். அறுந்துதான் இருந்தது.
பதினோரு வருடமாகக்
கவனம் பழகுகிறவள் நான்.
சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்
உதட்டோரம் ஏதோ அசைந்தது;
சிரிப்பென்று எழுதமாட்டேன்.

அன்றைய தாளில், எண் போடும் கட்டத்துக்குள்
'பொத்தான்' என்று எழுதி அனுப்பினேன்.
யெர்கோ இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மாலை வெளியே வந்தால்
சதுக்கத்து மூலையில் நகராட்சிக்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள்.
அப்படிப்பட்ட காற்று.
ரொட்டிப் பையோடு ஒருத்தி, செல்லோப் பெட்டியோடு ஒரு பையன்,
தொப்பியைப் பல்லில் கடித்தபடி ஒரு தபால்காரர்,
கயிற்றைப் பிடித்துப் பிடித்து
மருந்துக்கடை வரை போனார்கள்.
கண்கள் எல்லாம் நன்றாகத் திறந்திருந்தன.
நானும் பிடித்தேன்.
முன்னால் போனவர் கையுறையின் ஈரம்
கயிற்றில் இருந்தது.

பொத்தானை இன்னும் தைக்கவில்லை.
வியாழக்கிழமைகளில் கதவைத் திறந்ததும்
ருபென் முதலில் பார்ப்பது
அந்த நூலைத்தான்.