க்யூ பதினேழு

குடியாத்தம் கிளையில் கடன் அதிகாரி
படிவத்தை இரண்டு முறை திருப்பினார்.
"மேடைத் தொழில்நுட்பம், அரங்க வடிவமைப்பு.
மூணு வருஷமா, இதுக்கா?
பந்தல்காரங்க யாரும் பட்டம் வாங்கி
நான் பார்த்ததில்லையேம்மா."

பாடத்திட்டத்தை நீட்டினேன்.
முதல் பருவம்: முடிச்சு, ஏணி, மின்சாரம்.
இரண்டாவதில் மரம், இரும்பு, துணி, தீ.
மூன்றாம் பருவத்தில் நிழல்,
நான்கு கிரெடிட்.
அதைப் பார்த்துத்தான் சிரித்தார்.
சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

காலைப் பாசஞ்சர் லத்தேரி தாண்டும்போதே
வெயில் ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்திருக்கும்,
டிக்கெட் இல்லாமல்.
மலைப்பாறைகள் பகலில் வாங்கி வைத்ததை
ராத்திரி பத்து மணி வரை
திருப்பித் தந்துகொண்டிருக்கும்.
இந்த ஊரில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை.
எங்களுக்குத் தட்டுப்பாடு
இருட்டுதான்.

காட்பாடிக் கல்லூரி அரங்கம் முன்பு உரக்கிடங்கு.
மேற்குச் சுவரில் ஆள் உயர ஜன்னல் ஆறு,
கதவு இரண்டுக்குத்தான்.
மூன்றரை மணிக்கு அந்த மேடையில்
எந்த ராஜாவும் நள்ளிரவில் சாக முடியாது.
கறுப்புத் துணிக்கு விலைப்புள்ளி கேட்டுத்
துறையிலிருந்து போன கடிதம்
இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

அம்மாவுக்குப் பேரணாம்பட்டில் ஷூ கம்பெனி,
மேல்தோல் தைக்கும் நான்காம் வரிசை.
ஒரு தையல் கோணினால் அந்தத் துண்டு கழிவு.
நூலைப் பிரிக்கலாம்,
ஊசி போன ஓட்டை மூடாது.
துணி மன்னிக்கும், தோல் மன்னிக்காது என்பாள்.
அந்தக் கழிவைக் கிலோ கணக்கில் வாங்கிவந்தோம்.
இம்தியாஸ் சட்டம் அடித்தான், நான் ஒட்டினேன்.
ஆறு ஜன்னலும் அடைந்தன.
அரங்கம் ஒருவழியாக இருண்டது,
செருப்புக்கடை மாதிரி நாறியது.

செய்முறைத் தேர்வன்று
புதுச்சேரியிலிருந்து வந்த வெளித்தேர்வாளர்
கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை.
காட்சி: வறண்ட பாலாறு, நள்ளிரவு,
ஊற்றுத் தோண்டும் ஒருத்தி.
பதினாறாம் க்யூ வரை பிசகில்லை.
பதினேழில் நீலம் நாற்பது விநாடிக்கு
மெல்ல மெல்ல மங்க வேண்டும்.
"பதினேழு, தயார்" என்றேன் ஹெட்செட்டில்.
"போ" என்பதற்கு வாய் திறந்தேன்.
துணைமின்நிலையம் முந்திக்கொண்டது.

போயின நீலமும் ஃபேனும் ஹெட்செட்டும்
என் குரலும்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை.
பிறகு கோகிலவாணியின் குனிந்த முதுகில் ஒரு புள்ளி.
மண்வெட்டியில் மூன்று.
கண் பழகப் பழக மேடை முழுக்க
வரிசை வரிசையாய், வளைந்து வளைந்து,
குதிகால் திருப்பத்தில் நெருங்கி,
விரல் நுனியில் கலைந்து,
தையல் போன வழியெல்லாம்
வெயில் இறங்கிக் கிடந்தது.
அவள் தோண்டுவதை நிறுத்தவில்லை.
தரையிலிருந்து ஒரு கை வெளிச்சம் அள்ளி
முகம் கழுவினாள்.
ஒத்திகையில் அது இல்லை.

கரண்ட் வந்ததும் தேர்வாளர்
கைக்குட்டையை இறக்கிவிட்டுக் கேட்டார்:
"அந்த நட்சத்திரத்துக்கு எந்தக் கருவி?
வரைபடத்தில் காணோமே."
கரண்ட் போச்சு சார் என்றேன்.
அது எனக்கும் தெரியும், எழுதும்மா என்றார்.

எழுதினேன்.
கருவி: சூரியன், ஒன்று.
தொங்கும் இடம்: மேற்கு.
வாட்: தெரியாது.
வடிப்பான்: ஆட்டுத்தோல், கறுப்பு, கழித்தது.
துளையிட்டவர்: சகாயராணி,
நான்காம் வரிசை, பகல் ஷிப்ட்.

நூற்றுக்கு அறுபத்தெட்டு.
பதினேழாம் க்யூ முன்கூட்டியே விழுந்ததற்கு
நாலு மதிப்பெண் பிடித்துக்கொண்டார்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.
கை கழுவிக்கொண்டே கேட்டாள், யோசித்தாள்.
"அதுல பாதி ஓட்டை என்னுதில்லடி.
பக்கத்து மெஷின் ஜரீனாவோடது.
அவ பேரையும் போட்டிருக்கணும்."