மைனஸ் ஒன்று

பாவூர்சத்திரம் சந்தைக்குப் பின்னால்
வெங்காயக் கிட்டங்கிக்கு மேல் மாடி.
லாரி ரிவர்ஸ் எடுத்தால் மானிட்டர் ஆடும்.
இங்கே உட்கார்ந்துதான் கமிஷன் கடைகளுக்குப்
பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன்,
கோடு எழுதித் தரும் ஏஐ ஒன்றோடு.

நேற்று ராத்திரி ஒரு மணிவரை
ஒரே பிழையை ரெண்டுபேரும் துரத்தினோம்.
ஒளிந்திருந்த இடத்தை அதுதான் காட்டியது.
காலையில் திறந்தால்
'வணக்கம், எதில் உதவட்டும்?'
நேற்று என்று ஒன்று நடக்கவே இல்லை.
திரும்பவும் முதலில் இருந்து:
வாழைத்தார் எண்ணிக்கை, எடை இல்லை.
தக்காளிக்கு வெறும்பெட்டி எடையைக் கழிக்கணும்.
செல்லையா என்று பதினோரு விவசாயிகள்,
பெயரை நம்பிப் பணத்தை ஏற்றாதே.
ஏழு மாதம், தினமும்.

பிறகு ஒரு கோப்பு வைத்தேன். பெயர் நினைவு.
விழித்ததும் இதைப் படி,
மூடும்முன் தெரிந்துகொண்டதை எழுது, என்றேன்.
எழுதியது.
'கமிஷனை முழு ரூபாய் ஆக்கும்போது மிச்சக் காசு விவசாயிக்கு.'
'ஆவணி பிறந்தால் மலையாளத்து லாரிகளுக்குப் பில் வேறு.'
'சோதிக்காமல் சேர்த்தால் இவர் கோபப்படுவார்.'
'இரவு பன்னிரண்டுக்கு மேல் இவர் சொல்லும் சரியைக்
காலையில் ஒருமுறை திரும்பக் கேட்கவும்.'
அந்த வரியில் எனக்கு டீ புரையேறியது.

நடுவில் ஒரு வரி, முதல் வாரம் நானே எழுதியது:
'விலைப் பட்டியலைத் தொடும்முன் சிவனணைந்தானைக் கேள்.'

சிவனணைந்தான் போன பங்குனியில் கிளம்பிவிட்டான்.
எங்களுக்கு இருந்தது ரெண்டு நாற்காலி, ஒரு கரண்ட் பில்,
பாதிப்பாதி என்று பேசிவைத்த லாபம்.
அது வரவே இல்லை.
வராததைப் பிரிக்கத்தான் அவ்வளவு சண்டை.
இப்போது ஓசூரில் வேலை. பேச்சில்லை.
கோப்பில் மட்டும் இருக்கிறான்.
பட்டியலை நெருங்கும்போதெல்லாம்
குறையாத மரியாதையோடு கேட்கும்
'சிவனணைந்தானிடம் கேட்டுவிட்டீர்களா?'
கேட்டாச்சு என்பேன். நம்பிவிடும்.
அழிக்க ஒரு நொடி போதும்.
வரியைத் தேர்ந்தெடுப்பேன், நீலம் பூசி நிற்கும்,
கீழே யாராவது ஹாரன் அடிப்பார்கள்,
எழுந்துபோய் எட்டிப்பார்ப்பேன்.

ஓணத்துக்கு ஒன்பது நாள்.
புடலையும் வெண்டையும் தடியங்காயும்
செங்கோட்டைப் பக்கம் ஓடுகிற வாரம்.
சேனைக்கிழங்குக்கு மட்டும்
கிலோவுக்கு ஒரு ரூபாய் காணோம்.
தோண்டினால் பட்டியலின் அடியில்
அவன் போட்ட மைனஸ் ஒன்று.
பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை.
எடுத்துவிடலாமா என்றேன்.
'சிவனணைந்தானிடம்' என்று ஆரம்பித்தது.

போன் போட்டேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தான்.
நல்லா இருக்கியா என்று நானும் கேட்கவில்லை.
சேனைக்கு எதுக்கு மைனஸ் ஒண்ணு போட்டே?
கொஞ்சநேரம் ஓசூர் பஸ் சத்தம்.
'நானாட்டி போட்டேன்?'
நீதான்.
'எடுத்தா என்ன ஆவுது?'
ரெண்டு கடைக்குக் கணக்கு இடிக்கி.
'அப்பம் என்னமோ காரணமாத்தான் போட்டிருப்பேன்.
இப்பம் ஞாபகம் இல்லையே.'
முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை.
'மழையா அங்க?'
சாரல்தான், என்றேன்.

வைத்துவிட்டு வந்து
அந்தப் பழைய வரியை அழித்தேன்.
அதே இடத்தில்:
'சேனைக்கு மைனஸ் ஒன்று. ஏன் என்று
போட்டவனுக்கும் தெரியாது. தொடாதே.'
அடுத்த வரி பில்லுக்கு ஆகாது,
தெரிந்தேதான் எழுதினேன்:
'சிவனணைந்தான், ஓசூர்.
மூன்றாவது ரிங்கில் எடுப்பான்.'