நிலத்தடிச் சலவைக்காரி

சட்பரியில் எனக்குத் தூசியோடுதான் வேலை.
நிக்கல் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டர் இறங்கி,
குளித்து, உடுப்பு மாற்றி,
விஞ்ஞானிகளின் மேலங்கிகளைத் துவைக்கிறேன்.

தலைக்கு மேலே இருக்கிற ஊரே ஒரு பழைய காயம்.
நூற்றெண்பத்தைந்து கோடி ஆண்டுக்கு முன்னால்
வானத்திலிருந்து ஒரு மலை விழுந்து பறித்த குழி.
இடித்தது ஆவியாய்ப் போச்சு.
இடி வாங்கின இடத்தில்தான் எங்களுக்குச் சம்பளம்.

இங்கே தேடுவது நியூட்ரினோவை.
சூரியன் அனுப்புகிறது. என் கட்டைவிரல் நகத்துக்குள்ளால்
நொடிக்கு ஆறாயிரம் கோடி போகுதாம்,
கதவு தட்டாமல், செருப்புக் கழற்றாமல்,
ஒரு வாய் தேத்தண்ணி கேட்காமல்.
இரவிலும் வரும்,
பூமியைத் துளைத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து.
"என் புருஷன் வீட்டு விருந்தாளிகளும்
இப்படி இருந்திருந்தால்!" என்றேன்.
லுசியன் சிரித்ததில்
குறிக்க வேண்டிய எண்ணை மறந்துவிட்டார்.

ஒருநாள் வாழைப்பழம் கொண்டுபோனேன்.
ஐனோ வாசலிலேயே மறித்தாள்.
"அதில் பொட்டாசியம். நொடிக்குப் பதினைந்து அணு வெடிக்கும்."
பொட்டாசியமா, பட்டாசா?
"என் உடம்பில்?"
"நாலாயிரத்துச் சொச்சம்."
"அப்ப என்னை ஏன் உள்ளே விட்டீங்கள்?"
"துவைக்க ஆள் வேணுமே."

சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் கிரகங்களை விசாரிப்பேன்.
சுக்கிரன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்குமுன்
சூரியனைச் சுற்றிவிடுமாம்.
இந்தச் சோம்பேறியின் திசைக்கா
என் அக்கா இருபது வருஷம் காத்திருந்தாள்?
சனியைத் தூக்கிப்போட ஒரு கடல் கிடைத்தால்
அது மிதக்குமாம்.
அவ்வளவு லேசானதா
ஏழரை வருஷம் என் தோளில் குந்தியிருந்தது?
ஐனோவுக்கு ஏழரை விளங்கவில்லை.
விளங்கப்படுத்த ஏழரை நிமிடம் போனது.

பிறகு இயந்திரத்தைத் திறந்தேன்.
வடிகட்டியில் ஒரு சிட்டிகைச் சாம்பல்நிறம்.
அதிலுள்ள இரும்பு ஏதோ ஒரு நட்சத்திரத்தின் வயிற்றில் வெந்தது.
துவைத்த தண்ணீரின் ஹைட்ரஜனோ
எந்த நட்சத்திரத்துக்கும் மூத்தது.
கிழவனைக் கொண்டு கிழவனைக் கழுவி
வெள்ளை வெளேரென்று மடித்துவைத்தேன்.

கூண்டு மேலே வந்தது. மாலை நாலரை, பனி.
கடைசி வெயில் முகத்தில் பட்டது,
புறப்பட்டு எட்டு நிமிடம் ஆன வெயில்.
பஸ்ஸும் எட்டு நிமிடம் பிந்தித்தான் வந்தது.
சாரதியை நான் ஒன்றும் சொல்லவில்லை.