ஒரு பைட் தள்ளி

பலகை இன்னும் வரவில்லை.
மூன்று வாரமாகச் சுங்கத்தில் நிற்கிறதாம்.
அதுவரை அதைப்போல நடிக்க
ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறான் திம்மராயன்.
அறுபத்து நான்கு கிலோபைட் நினைவகம்,
இரண்டு டைமர், ஒரு பொய் மோட்டார்.
ஸ்கூட்டர் ஓடுவதாக அது நம்புகிறது.
ஓசூரில், பாகலூர் ரோடு மாடியில்,
நாங்களும்.

என் வேலை கேட்பது.
கொடுக்க முடியாததாகப் பார்த்துக் கேட்பது.

பூஜ்ஜியம் பைட் கொடு.
ஒன்றும் வேண்டாம் என்று வரிசையில் நிற்பவளுக்கு
என்ன தருவாய்?
வெறுங்கையை விரித்துக் காட்டலாம்.
அல்லது ஒரு கதவு எண் தரலாம்,
திறக்கக் கூடாத கதவின் எண்.
இரண்டும் சரி என்கிறது விதிநூல்.
இரண்டும் சரி என்கிற இடத்தில்தான்
ஸ்கூட்டர் கவிழும்.

எல்லாவற்றையும் கொடு.
அப்புறம் இன்னும் ஒன்று.
நான் குடியிருக்கும் ஜூஜூவாடித் தெருவும்
ஒரு கடைசி முகவரிதான்.
சோதனைச்சாவடி தாண்டினால் எழுத்து மாறிவிடும்.
நினைவகத்தில் சாவடி கிடையாது.
ஒரு பைட் தள்ளி எழுதினால்
யாரும் கத்துவதில்லை.
அங்கேயும் யாரோ குடியிருக்கிறார்கள்,
நீ எழுதியது அவர் சுவரில் கிடக்கும்
அவர் எழுந்து பார்க்கும்வரை.

விடுவித்ததை மறுபடி விடுவி.
சாவி கொடுத்துக் காலிசெய்த வீட்டை
மறுநாளும் போய்க் காலிசெய்தேன்.
உள்ளே புதுக் குடித்தனத்தின் குக்கர்
இரண்டாவது விசிலில் இருந்தது.

நானூற்றுப் பதினேழு சோதனை, அத்தனையும் பச்சை.
ஷாகிரா, மைசூர்பாக் வாங்கு என்றான்.

வியாழக்கிழமை பலகை வந்தது,
தெர்மாகோல் பெட்டிக்குள்
உள்ளங்கையைவிடச் சிறிதாய்.
முதல் சோதனையிலேயே விழுந்தது.

இரவு இரண்டு மணிக்குப் புரிந்தது.
திம்மராயனின் பொய்ப் பலகை
கேட்ட இடத்தையெல்லாம் துடைத்துத் துடைத்துக் கொடுத்திருக்கிறது,
ஒவ்வொரு குடித்தனத்துக்கும் வெள்ளையடித்துத் தரும்
வீட்டுக்காரன் போல.
எந்த ஊரில் இருக்கிறான் அப்படி ஒரு வீட்டுக்காரன்?
அசல் பலகையில்
முந்தைய ஓட்டத்தின் மிச்சம் அப்படியே கிடந்தது:
பிடுங்காத ஆணி,
எண்ணெய்ப் பிசுக்கு,
யாரோ பிள்ளையின் உயரம் அளந்த பென்சில் கோடு.

இப்போது பொய்க்கு அழுக்குப் பழக்குகிறோம்.
கொடுக்குமுன் ஒவ்வொரு பைட்டிலும்
ஏ-ஐந்து, ஏ-ஐந்து என்று கிறுக்கு.
இடம் இருக்கும்போதே சிலசமயம்
இல்லை என்று சொல்.
அப்போதும் சக்கரம் மெதுவாக நின்றால் போதும்,
அதுதான் நாங்கள் கேட்பது.

முந்நூற்று இரண்டு சிவப்பு.
மைசூர்பாக் டப்பா பிரிக்காமல் இருக்கிறது.

விடியற்காலை பஸ்ஸில்
ரோஜாக் கட்டுகளுக்கு நடுவே
ஜன்னல் சீட்டு கிடைத்தது.
கண் திறந்தபோது
பெயர்ப் பலகையெல்லாம் கன்னடம்.
டிக்கெட் ஜூஜூவாடிக்கு.
நடத்துனர் திரும்பிப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.